ஒரு கண்ணாடி, இரண்டு மூக்கு

நூலகத்தின் ஜன்னலோர மேசையில் மத்தியான நேரத்தில் இரண்டு பேர் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தையல்காரர். கழுத்தில் அளவுநாடா தொங்கிக்கொண்டிருக்கும். கடையில் கழற்றி வைத்துவிட்டு வரலாம்தான். ஆனால் அது இல்லாமல் தெருவில் இறங்கினால் சட்டை போடாமல் இறங்கியதுபோல் இருக்கும் அவருக்கு. மற்றவன் எலக்ட்ரீஷியன். ஒரு தோளில் கனமான கருவிப் பை, பையின் வாயிலிருந்து ஒயர்த் துண்டுகள் எட்டிப்பார்க்கும். வந்ததும் பையை நாற்காலிக்கு அடியில் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் ஓசைப்படாமல் வைப்பான்.

இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூக்குக்கண்ணாடி. அது தையல்காரருடையது. செய்தித்தாளில் ஒரு தாளை வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பக்கத்தில் தள்ளிவிடுவார். எலக்ட்ரீஷியன் அதை மாட்டிக்கொண்டு வாசிப்பான். அவன் வாசிக்கும் வரை இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அவன் முடித்ததும் கண்ணாடி மேசைமேல் வழுக்கிக்கொண்டு திரும்பி வரும். இப்படிப் போவதும் வருவதுமாக வரி விளம்பரம் வரைக்கும் வந்துவிடுவார்கள். இடையில் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு 'ம்' கூடக் கிடையாது.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு, அடடா, எப்பேர்ப்பட்ட சிநேகம் என்று தோன்றும். உண்மையில் அவர்கள் மாமனும் மச்சானும். தையல்காரர் கட்டியிருப்பது எலக்ட்ரீஷியனின் அக்காவை. இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய் வருடக்கணக்காகிறது.

சண்டை ஒரு கோட்டில் ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியன்கள் சங்கத்துக்கு மச்சானைத் தலைவனாக்கினார்கள். அந்தச் சங்கத்தின் அறைச் சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். எல்லாரும் கோட்டில் இருப்பார்கள். "மாமா, நமக்கும் ஒண்ணு தைச்சுடுங்க" என்று வந்து நின்றான். தையல்காரர் தன் கையாலேயே அளவெடுத்து, தன் கையாலேயே வெட்டினார். கடையில் வேலை செய்யும் ஆளைப் பொத்தான் தைக்கக்கூட விடவில்லை. பதவியேற்பு அன்று மச்சான் கோட்டை மாட்டிக்கொண்டு மேடையில் நிமிர்ந்து நின்றான். கோட்டின் ஒரு பக்கத்துக் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. இன்னொரு பக்கத்துக் கை உள்ளங்கையில் பாதி வரை இறங்கி வந்தது.

மச்சானுக்கு ஊரில் 'ஃபியூஸ்' என்று பெயர். தொழிலுக்காக வைத்த பெயர் இல்லை, குணத்துக்காக. படம் எடுத்து முடித்ததும் மேடையிலிருந்தே கேட்டான்: "என்ன மாமா, ஒரு கைக்கு என்னை அளவெடுத்தீங்க. இன்னொரு கைக்கு யாரை அளவெடுத்தீங்க?"

கூட்டம் சிரித்தது. தையல்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பேசாமல் இருப்பார், இருப்பார், திடீரென்று வாயைத் திறந்தால் கத்திரி மாதிரி விழும். "கோட்டு சரியாத்தான்டா இருக்கு. உன் கைதான் ஒண்ணு நீளம். ஊரான் வீட்டு ஒயரை இழுத்து இழுத்து நீண்டுபோச்சு."

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. அதையும் மச்சான் பொறுத்திருப்பான். ஆனால் அவன் அக்கா சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பு தனி ரகம். முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். பிறகு உள்ளேயிருந்து விசில் மாதிரி ஒன்று கிளம்பும். கிளம்பினால் லேசில் அடங்காது. பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள். அன்றைக்கு அவள் பிடித்துக்கொண்டது புருஷன் கையை. மச்சான் அதைப் பார்த்தான். கோட்டைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இனிமே உங்க வாசப்படிய மிதிச்சேன்னா ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான்.

வழக்கமாக அவனுக்கு வெடிக்கிற ஃபியூஸ் தானே சரியாகிவிடும். இந்த முறை ஆகவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. அக்கா தேடிப் போனால் 'வேலைக்குப் போயிருக்கார்' என்று வீட்டில் பதில் வரும். தையல்காரரும் விட்டுக்கொடுக்கவில்லை. "அவனே முதல்ல பேசட்டும்" என்றார். அவனும் தன் வீட்டில் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

நூலகத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தது தற்செயல். ஒருநாள் கடையில் தையல் மெஷின் மோட்டார் நின்றுபோய், மின்விசிறியும் நின்றுபோய், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், குடும்பத்திலேயே ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துக்கொண்டு கூப்பிட முடியாத எரிச்சலோடு, தையல்காரர் காற்றுக்காக நூலகத்துக்குள் நுழைந்தார். காலி நாற்காலி ஒன்றே ஒன்று இருந்தது. அது மச்சானுக்குப் பக்கத்தில். திரும்பிப் போனால் தோற்றதாகும். உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் அந்த இடத்தின் அருமை புரிந்தது. டீக்கடையில் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருந்தால் அதற்குப் பெயர் சண்டை. பஸ்ஸில் இருந்தால் அதற்குப் பெயர் முறைப்பு. நூலகத்தில் இருந்தால் அதற்குப் பெயர் ஒழுக்கம். அப்போது இருந்த பழைய நூலகர், உதட்டில் விரலை வைத்தபடியே பிறந்தவர். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவர் தலையசைத்துப் பாராட்டக்கூடச் செய்தார். யாரும் தோற்கவில்லை, யாரும் இறங்கி வரவில்லை. ஆனால் பக்கத்தில் அவன் மூச்சு விடுவது கேட்டது. மறுநாளும் தையல்காரர் போனார். அன்றும் அவன் பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை. அதன்மேல் கருவிப் பை இருந்தது. இவர் வருவதைப் பார்த்ததும் அது கீழே இறங்கியது.

கண்ணாடி விவகாரம் பிறகு வந்தது. மச்சானின் கண்ணாடி ஏணியிலிருந்து விழுந்து உடைந்துவிட்டதுபோல. செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்து, இன்னும் நீட்டி, பின்னால் சாய்ந்து, கடைசியில் எதிரில் இருந்தவரின் முகத்திலேயே தாள் இடித்தது. தையல்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் தள்ளினார். அவன் அதை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு எடுத்து மாட்டிக்கொண்டான். இருவருக்கும் ஒரே பவர். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

வீட்டில் சாயங்காலம் மனைவி காத்திருப்பாள்.

"இன்னைக்கு வந்தானா?"

"வந்தான்."

"என்ன சட்டை?"

"நீலக் கட்டம்."

"அதே சட்டையா? காலர் கிழிஞ்சிருக்குமே. இருமினானா?"

"ஒரு தடவை."

"வறட்டு இருமலா, சளி இருமலா?"

"ஏம்மா, பக்கத்துல உட்கார்ந்து நெஞ்சுல காதை வச்சா கேக்க முடியும்?"

"ஒரு கேள்விக்கு உருப்படியா பதில் சொல்லத் தெரியாது. நாளைக்கு நல்லாக் கவனிச்சுட்டு வாங்க."

இப்படி, பேச்சில்லாத அந்த மதியம்தான் மொத்தக் குடும்பத்துக்கும் மிச்சமிருந்த ஒரே நூல். தையல்காரருக்கு நூலின் பலம் தெரியும். எவ்வளவு இழுக்கலாம், எங்கே அறும் என்று விரலிலேயே தெரியும். இந்த நூலைத் தொட்டுப் பார்க்கக்கூட அவர் துணிந்ததில்லை.

அப்போதுதான் பழைய நூலகர் ஓய்வு பெற்று, புதியவர் வந்தார். சின்ன வயதுப் பெண். நடையில் ஒரு துள்ளல், கையில் எப்போதும் ஒரு பசைநாடாச் சுருள். வந்த வேகத்தில் அலமாரிகளை இடம் மாற்றினார், குழந்தைகளுக்குத் தரையில் மெத்தை போட்டார். அதெல்லாம் போகட்டும். ஒருநாள் வாசலில் ஓர் அறிவிப்பை ஒட்டினார். தையல்காரர் நின்று வாசித்தார். இனி வாரத்தில் ஒருநாள் மதியம், ஜன்னலோர மேசை 'பேசும் மேசை'. அங்கே உட்காருகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பழக வேண்டும்.

நேரே நூலகரிடம் போனார்.

"அம்மா, அந்தப் பேசற மேசை..."

"நல்லா இருக்கா சார்?"

"நல்லாத்தான் இருக்கு. அதை அந்த மூலையில வச்சுக்கலாமே."

"மூலையில வெளிச்சம் இல்லையே சார். முகம் தெரிஞ்சாத்தானே பேச முடியும்?"

"எதுக்கும்மா பேசணும்?"

நூலகர் சிரித்தார். "சார், முன்ன மாதிரி இல்ல. நூலகம்னா புத்தகம் மட்டும் இல்ல. அக்கம்பக்கத்து ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கற இடமா இருக்கணும். தினமும் ஒரே மேசையில உட்கார்ந்து, யார் எவர்னு தெரியாமலே எழுந்து போறாங்க. கஷ்டமா இல்லையா?"

"பேசறதுக்கு ஊர் பூரா இடம் இருக்கும்மா. கடையில பேசறாங்க, பஸ்ஸுல பேசறாங்க, ஆஸ்பத்திரியில பேசறாங்க. பேசாம சேர்ந்து உட்கார்றதுக்குத்தான் வேற இடமே இல்ல."

நூலகர் ஒரு கணம் யோசித்தார். அந்தப் பேச்சில் ஏதோ இருப்பதுபோல் அவர் முகம் கொஞ்சம் மாறியது. தையல்காரர் காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை மேசை மூலைக்குப் போயிருக்கும். 'பக்கத்தில் இருப்பவன் என் மச்சான், வாயைத் திறக்க வேண்டி வந்தால் எழுந்து போய்விடுவான், அப்புறம் அவன் இருமலுக்குக்கூட நாங்கள் ஆலாய்ப் பறக்க வேண்டும்' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை.

"வாரத்துல ஒருநாள்தானே சார். மத்த நாளெல்லாம் நீங்க கப்சிப்புனு உட்காரலாம்" என்று முடித்துவிட்டார் நூலகர்.

அன்றிரவு மனைவியிடம் சொன்னார். "அன்னைக்கு ஒருநாள் நான் போகலை. வம்பே வேண்டாம்."

"நல்லாருக்கு. நீங்க போகாம, அவன் வந்து வேற எவன் கூடவோ உட்கார்ந்து பேசிப் பழகி, அந்த நாற்காலியும் போறதுக்கா?"

"அவன் வந்து என்னைப் பார்த்துட்டு எழுந்து போயிட்டா?"

"அறிவிப்பை வாசிச்சிருந்தா வரவே மாட்டான்."

"கண்ணாடி இல்லாதவன் அறிவிப்பை எங்க வாசிக்கப் போறான்?"

மனைவி யோசித்தாள். "அப்போ தெரியாமத்தான் வருவான். நீங்க போய்த்தான் ஆகணும். பாவம், விவரம் தெரியாம மாட்டிக்குவான்."

அந்த நாள் வந்தது. தையல்காரர் காலையிலிருந்து நிலைகொள்ளாமல் இருந்தார். ஒரு கால்சட்டைக்கு இரண்டு முறை இடுப்புப் பட்டை வைத்துப் பிரித்தார். மத்தியானம் கடையிலிருந்து கிளம்பிப் பாதி வழி வந்த பிறகுதான் மூக்கு லேசாக இருப்பது தெரிந்தது. கண்ணாடி மெஷின் மேலேயே இருந்துவிட்டது. திரும்பிப் போக நேரமில்லை.

மேசையில் ஏற்கனவே ஆட்கள் இருந்தார்கள். செய்தித்தாளில் வானிலையை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறதால் 'வானிலை' என்று பெயர் வாங்கியவர் ஒரு பக்கம். வேலை முடிந்து வந்து, பிரித்த புத்தகத்தின் பின்னால் உட்கார்ந்தபடியே தூங்கும் ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மா அவருக்குப் பக்கத்தில். இரண்டு பேருக்கும் மாமன் மச்சான் கதை தெரியும். ஊரில் யாருக்குத் தெரியாது? தெரியாதவர் நூலகர் ஒருவர்தான். நர்ஸ் அம்மா அன்றைக்குத் தூங்கவில்லை. கண்கொட்டாமல் விழித்திருந்தார்.

மச்சான் வந்தான். பையை இறக்கினான். எப்போதும்போல் உட்கார்ந்தான். நீலக் கட்டம் இல்லை, வெள்ளைச் சட்டை. துவைத்து இஸ்திரி போட்டது. விவரம் தெரியாமல் வந்துவிட்டான் பாவம் என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார். காதுமடல் சுட்டது.

நூலகர் உற்சாகமாக வந்து கையில் இருந்த அட்டைகளை எல்லாருக்கும் கொடுத்தார். "ரொம்ப சுலபம். பக்கத்துல இருக்கறவங்களை முன்னப்பின்னத் தெரியாதவங்கன்னு நினைச்சுக்கோங்க. அட்டையில கேள்விங்க இருக்கு. மாத்தி மாத்திக் கேளுங்க. கடைசியில அவங்களை எங்களுக்கு அறிமுகம் செய்யணும்." பிறகு தையல்காரர் பக்கம் திரும்பி, "நீங்க ரெண்டு பேரும் ஒரு ஜோடி. நீங்கதான் சார் எனக்கு முக்கியம். தினமும் பக்கத்துல உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசறதில்ல. உங்களை நினைச்சுத்தான் இந்த ஏற்பாடே."

வானிலைக்குப் புரை ஏறியது.

அட்டையில் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. தையல்காரர் வெறுமனே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானும் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காக அவன் கை மேசைமேல் மெல்ல நகர்ந்து வந்தது. தையல்காரர் தன் வெறும் மூக்கைத் தொட்டுக் காட்டினார். கை நின்றது.

"என்ன சார், படிக்க முடியலையா? நான் வேணா படிக்கட்டுமா?" என்றார் நூலகர்.

இருவரும் அட்டையிலிருந்து தலையை எடுக்கவில்லை. மேலே மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றியது. இப்போது எழுந்துவிடுவான் என்று தையல்காரர் நினைத்தார். நாற்காலி பின்னால் தள்ளும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

மச்சான் சட்டைப் பைக்குள் கைவிட்டான். ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்தான். திறந்தான். உள்ளே ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. புதிதுகூட இல்லை, காதில் மாட்டும் தண்டில் சாயம் தேய்ந்திருந்தது. மாட்டிக்கொண்டான்.

தையல்காரர் அந்தத் தேய்ந்த தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் இத்தனை நாளும் அது அந்தப் பைக்குள்தான் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டே இவருடைய கண்ணாடி வரும் வரை அவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அதற்கு மேல் இன்னொன்றும் தோன்றியது. வாசல் அறிவிப்பையும் வாசித்திருக்கிறான். வாசித்துவிட்டுத்தான், இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

மச்சான் அட்டையை வாசித்தான். குரல் கரகரத்தது. "ஐயா, உங்க தொழில் என்ன?"

நர்ஸ் அம்மா புத்தகத்தை மூக்கு வரை உயர்த்திக்கொண்டார்.

ஐயாவா! சரி, ஆட்டம் இதுதான் என்றால் இதுவே இருக்கட்டும். "தையல்ங்க" என்றார் தையல்காரர்.

"ரொம்ப நாளாவா?"

"மீசை முளைக்கறதுக்கு முன்னாடியிருந்து."

"நல்லாத் தைப்பீங்களா?"

அது அட்டையில் இல்லாத கேள்வி.

"அதைப் போட்டுக்கிட்டவங்களைத்தான் கேக்கணும்."

"உங்ககிட்ட கோட்டு தைச்ச ஒருத்தரை எனக்குத் தெரியும்."

"ஓகோ. என்ன சொல்றார்?"

"ஒரு கை நல்லா இருக்குதாம்."

புத்தகத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்து தும்மலாக மாறியது. தையல்காரருக்கு வாய் துறுதுறுத்தது. ஊரான் வீட்டு ஒயர் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"அவரைப் பார்த்தா ஒண்ணு சொல்லுங்க ஐயா. அவர் எப்பவும் ஒரே தோள்ல பை மாட்டறவர். அந்தத் தோள் இறங்கியிருக்கும். பையை இறக்கி வச்சாலும் இறங்கியேதான் இருக்கும். அதுக்குத் தோதாத்தான் அந்தப் பக்கத்துக் கையைக் குறைச்சு வெட்டினேன். அவர் எப்பவும் நிக்கற மாதிரி நின்னிருந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்திருக்கும். அன்னைக்கு மேடையில அவர் நிமிர்ந்து நின்னுட்டார்."

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அன்னைக்கு ஒருநாளாவது நிமிர்ந்து நிக்கலாம்னு நினைச்சிருப்பார்" என்றான்.

தையல்காரருக்கு அது தோன்றியதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அந்தக் கோட்டை எத்தனையோ தடவை மனத்துக்குள் பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறார். தோளைப் பற்றி யோசித்திருக்கிறார், கையைப் பற்றி யோசித்திருக்கிறார். அதற்குள் இருந்தவனைப் பற்றி யோசிக்கவில்லை.

"அது எனக்குத் தோணலைங்க ஐயா" என்றார். "தோணியிருக்கணும்."

"கையை அவர் பெரிசா எடுத்துக்கலை. அவங்க அக்கா சிரிச்சதுதான்..."

"அந்தம்மா எதுக்கும் சிரிக்கும்ங்க. நான் கேள்விப்பட்டது."

"தெரியும். சின்ன வயசுல நான் மரத்திலேர்ந்து விழுந்து... அதாவது, அவர் விழுந்தப்பவும் முதல்ல சிரிச்சுட்டுத்தான் தூக்க வந்தாங்களாம்." மச்சான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இப்ப எப்படி இருக்காங்களாம்?"

"தினமும் சாயங்காலம் தம்பி என்ன சட்டை போட்டிருந்தான்னு கேக்கறாங்களாம்."

மச்சான் தன் கண்ணாடியை அட்டையின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து மேசைமேல் தள்ளினான். இது எதிர்த்திசைப் பயணம். தையல்காரர் எடுத்து மாட்டிக்கொண்டார். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அது பழைய மௌனம் இல்லை. பழைய மௌனத்தில் ஒருவர் அசைந்தால் இன்னொருவருக்குத் திக்கென்று இருக்கும்; இதில் தையல்காரர் காலை நீட்டிக்கொண்டார்.

நூலகர் கைதட்டி எல்லாரையும் அழைத்தார். "அறிமுகம் செய்யலாமா?"

மச்சான் எழுந்தான். "இவர் தையல்காரர். தோளை நல்லாப் பார்ப்பார்."

தையல்காரர் எழுந்தார். "இவர் எலக்ட்ரீஷியன். இவர் வராததால எங்க கடை மோட்டார் நாலு நாள் ஓடுனா நாலு நாள் படுத்துக்குது."

"பார்த்தீங்களா!" என்றார் நூலகர், முகமெல்லாம் மலர. "ஒருத்தருக்கு ஒருத்தர் எவ்வளவு உபயோகமா இருக்கலாம்! இத்தனை நாள் முன்னப்பின்னத் தெரியாமலே இருந்திருக்கீங்க."

மேசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வானிலை மட்டும் ஜன்னலைப் பார்த்து, "வானம் தெளியும்போல இருக்கு" என்றார்.

சாயங்காலம் மனைவி கதையைக் கேட்டுக்கொண்டே வந்தாள். 'ஐயா' என்ற இடம் வந்ததும் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. "ஐயாவா? என் தம்பி உங்களை ஐயான்னானா?" விசில் கிளம்பிவிட்டது. தையல்காரர் பொறுத்திருந்து மிச்சத்தையும் சொன்னார். நிமிர்ந்து நிற்க நினைத்திருப்பார் என்று அவன் சொன்னதைச் சொன்னார். விசில் பாதியில் நின்றது. அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். பிறகு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து அவர் பார்த்தது அபூர்வம். என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் பக்கத்தில் நின்றார்.

"எப்ப பேசலாமாம் அந்த மேசையில?" என்று கேட்டாள் கடைசியில்.

மறுநாள் நூலகம் பழையபடி அமைதியாக இருந்தது. மச்சான் பையை இறக்கினான். அதற்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். பழைய செய்தித்தாளில் சுற்றிய கோட்டு. மடிப்பு கலையாமல் இருந்தது. எழுந்து மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நின்றான். தோள் வழக்கம்போல் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. தையல்காரர் கழுத்திலிருந்த நாடாவை உருவினார். அவன் மோவாய்க்குக் கீழே ஒரு விரலை வைத்து மெல்ல மேலே தூக்கினார். மச்சான் நிமிர்ந்தான். இன்னும் என்று விரலாலேயே சொன்னார். இன்னும் நிமிர்ந்தான். இப்போது அளவெடுத்தார்.

நூலகர் வேகமாக வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். யாரும் பேசவில்லை, சத்தம் போடவில்லை. பேசாமல் அளவெடுப்பதைத் தடுக்க அவரிடம் விதி எதுவும் இல்லை. அந்த இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நேற்றைய அட்டைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே தன் இடத்துக்குத் திரும்பினார். செய்தித்தாள் பிரிந்தது. தையல்காரர் கண்ணாடி கொண்டுவந்திருந்தார். மச்சானின் கண்ணாடியும் பையில் இருந்தது. ஆனாலும் முதல் தாள் முடிந்ததும் ஒரு கண்ணாடி மட்டும்தான் மேசைமேல் வழுக்கிக்கொண்டு போனது.

அடுத்த பேசும் மேசைக்கு மனைவி வந்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு, புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேராகப் போய் மச்சானுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"புதுசா வந்திருக்கீங்களாம்மா?" என்றார் நூலகர்.

"ஆமா. இங்க பேசலாம்னு சொன்னாங்க."

"தாராளமா. எதிர்ல இருக்கற சார்கிட்டயே ஆரம்பிங்க. ரொம்ப நல்லாப் பேசுவார்."

அட்டை வந்தது. அவள் அதைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். மச்சான் தன் கண்ணாடியைக் கழற்றி மேசையின் குறுக்கே தள்ளினான். அவள் மாட்டிக்கொண்டாள். அட்டையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். காலரைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், காதோரம் நரைத்திருந்ததைப் பார்த்தாள்.

"ஐயா" என்றாள். "ரொம்ப இளைச்சுப் போயிட்டீங்க."

நூலகருக்கு ஆச்சரியம். "இவரை முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதும்மா" என்றான் மச்சான், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு. "யாரைப் பார்த்தாலும் முதல்ல இதைத்தான் சொல்ற ஆளு மாதிரி இருக்கு."

அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. தையல்காரருக்குப் பகீரென்றது. வேண்டாம், இப்போது வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். பயனில்லை. உள்ளேயிருந்து அந்த விசில் கிளம்பியது. அலமாரிகளுக்கு அந்தப் பக்கம் வாசித்துக்கொண்டிருந்த யாரோ 'ஷ்ஷ்' என்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, பிடித்துக்கொள்ள ஒரு கையைத் தேடினாள். மேசைக்குக் குறுக்கே கிடைத்தது தம்பியின் கை. அதைப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான் கையை எடுக்கவில்லை. நூலகரிடம் திரும்பி, "இது அடங்க நேரமாகும்மா" என்றான். "நீங்க மத்தவங்களைப் பார்த்துட்டு வாங்க."